ஹாரனும் சத்தம் போடாத லாரியும்

அவரை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிட்டார்கள். டீசல் லாரியின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி வளர்ந்த தொண்டை அது. வீட்டில் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும். இரும்புச் சுருள் ஏற்றிக்கொண்டு மலைச்சாலை ஏறத் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் வேறு உறுப்பினர் கிடையாது.

ஊருக்கு வெளியே ஹைட்ரஜன் ஆலை வந்தபோது, கனரக லாரி ஓட்ட ஆள் தேடினார்கள். ஹாரன் போய் நின்றார், எடுத்துக்கொண்டார்கள்.

"வெயில்ல கரண்ட் எடுக்கிறாங்க. அத வெச்சு தண்ணியப் பிரிச்சு வாயு எடுக்கிறாங்க. அந்த வாயுவ லாரில நிரப்பினா, உள்ளயே மறுபடி கரண்டாகி வண்டி ஓடுது. புகையே கிடையாது, பின்னாடி தண்ணிதான் சொட்டும்" என்று மனைவிக்கு விளக்கினார்.

தையல் மெஷினிலிருந்து அவள் தலையைத் தூக்கினாள். "தண்ணில ஆரம்பிச்சு தண்ணிலயே முடியுதா? இதுக்கா இவ்வளவு பெரிய காம்பவுண்டு?"

ஹாரன் கோபத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

வேலை என்னவோ சுகமான வேலைதான். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, வெள்ளை லாரி. விருந்தாளிகள் வந்தால் பூச்செடிகளைச் சுற்றி ஒரு வட்டம். பின்வண்டியில் அடுக்கியிருந்தவை காலிப் பெட்டிகள். வட்டம் முடிந்ததும் மேனேஜர் வண்டியின் பின்னால் சொட்டும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து நீட்டுவார். ஹாரன் அதைக் குடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும். கைதட்டுவார்கள்.

"வீட்டு டம்ளர்ல ஒரு கறை இருந்தா ஊரைக் கூட்டுற மனுஷன், லாரிக்குப் பின்னாடி பிடிச்சுக் குடிக்கிறீங்களே!" என்றாள் மனைவி.

"நீங்க டிரைவர் இல்ல, எதிர்காலத்தோட முகம்" என்றார் மேனேஜர். லாரி நிறுத்தத்தில் பழைய சகாக்கள் அந்த முகத்தைப் பார்த்து, "என்னண்ணே, காலிப்பெட்டி ரொம்பக் கனமா?" என்று கேட்டார்கள். ஹாரன் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் எதிர்த்த இரும்பாலையின் மேற்பார்வையாளர் ஓடிவந்தார். மேலே பாலம் கட்டுகிற இடத்துக்குச் சுருள் ஏற்றிப்போன டீசல் லாரி மலையடிவாரத்தில் படுத்துவிட்டதாம்.

"உங்க வண்டி இழுக்குமா சார்?"

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "குழு கூடிப் பரிசீலிக்கணும்" என்றார்.

"ஓ, பொம்மை லாரியா? சரி சார்."

ஹாரனுக்குச் சுருக்கென்று தைத்தது. கையுறைகளைக் கழற்றி மேனேஜர் கையில் வைத்தார். காலிப் பெட்டிகள் இருந்த பின்வண்டியைக் கழற்றிவிட்டு, லாரியோடு வாயிலைத் தாண்டிப் போய்விட்டார்.

அடிவாரத்தில் சுருள் ஏற்றிய பின்வண்டியை மாட்டிக்கொண்டு ஏற்றத்தை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷமும் எஞ்சினின் முனகலைக் கேட்டே மலை ஏறியவர். இதுவோ மூச்சே விடவில்லை. "ஏறு! ஏறுடா!" என்று கத்தினார். வண்டி தன் பாட்டுக்கு ஏறியது. டயருக்கடியில் கல் நொறுங்குவது கேட்டது. ஓடையில் தண்ணீர் ஓடுவது கேட்டது. அங்கே ஓடை இருப்பதே அவருக்கு இதுவரை தெரியாது. இரண்டாவது வளைவில் கத்துவதை நிறுத்திவிட்டார்.

திரும்பி வந்தபோது வாசலில் மேனேஜர்.

"சார், சும்மா பூ மாதிரி ஏறிடுச்சு சார்!"

"அதை யாருய்யா கேட்டா? நாளைக்கு வெளிநாட்டுக் குழு வருது. வெள்ளை வண்டி, இப்படிச் சேறாக்கி வெச்சிருக்க! கழுவு. கழுவிட்டு வீட்டுக்குப் போ, நாளைலேர்ந்து வராத!"

ஹாரன் கழுவாமலே போனார்.

மறுநாள் வந்த குழு பூச்செடிகளைப் பார்க்கவில்லை. சக்கரத்துச் சேற்றைத்தான் பார்த்தது. "இது நிஜமாகவே பாரம் இழுத்ததா?" என்று கேட்டது. மேனேஜருக்கு வெட்கம் கொஞ்சமும் குறுக்கே வரவில்லை. "நாங்கதான் திட்டம் போட்டு மலைக்கு அனுப்பினோம்" என்றார். சாயங்காலமே ஹாரனைத் திரும்ப வேலைக்கு அழைக்க வீட்டுக்குக் கார் வந்தது. பூச்செடி சுற்றவும் தண்ணீர் குடிக்கவும் மீசை நன்றாக இருந்த ஒருவரைப் பிறகு வேலைக்கு எடுத்தார்கள். இரும்பாலைச் சுருள்களை மலைக்கு ஏற்றிப்போகும் வேலை ஹாரனுக்கு வந்தது.

மலை ஏறியதற்கான பரிசு மேனேஜருக்குக் கிடைத்தது. விழா நடந்த நேரத்தில் ஹாரன் மேலே பாரம் இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏங்க, உங்க மேனேஜர் மலை ஏறினாராமே?" என்றாள் மனைவி.

"ஏறினாரா? எந்த கியர்ல?"

தெருவே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தார்கள்.