வெள்ளைப் போட்

வல்வெட்டித்துறைக் கரையில் யாரோ மீன்பிடி போட்டின் ஓட்டையைக் கண்ணாடியிழைப் பைபர் வைத்து அடைக்கிறார்கள். மூக்கைத் துளைக்கும் அந்தப் பசை நெடியில் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிடுகிறது.

கப்பலில் வேலை பார்த்த மாமா, ஒரு வெள்ளைக் காரின் படத்தை அப்பாவிடம் நீட்டினார்.

"அத்தான், இது அமெரிக்காவின்ரை கோர்வெட். முதல் வருசம் செய்ததெல்லாம் வெள்ளைதான். உடம்பு இரும்பில்லை, உங்கடை போட் மாதிரிப் பைபர்."

போட் செய்யும் அப்பா தலை நிமிரவில்லை.

"புளுகாதை. பைபரிலை ஆரும் கார் செய்வாங்களோ?"

அப்படியானால் அந்தக் கார் கடலில் ஓடுமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சொல்லோடு மாமா படத்தை மடித்துக்கொண்டு போனார். பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவேயில்லை.

எப்போதும் நீலம் அடிக்கும் அப்பா, அடுத்த போட்டுக்கு முழுக்க வெள்ளை அடித்தார்.

இன்று கைபேசியில் தேடினேன். மாமா சொன்னது அத்தனையும் உண்மை. கோபத்தோடு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன்.

"மாமாவை நம்பித்தானே அந்தப் போட்டுக்கு வெள்ளை அடிச்சனீங்கள்?"

"சீ, நீலப் பெயின்ற் முடிஞ்சு போச்சு."

என் ஞாபகம்தான் பிழையோ? அவர் வெள்ளை அடித்து முடிக்கும்வரை நான் உட்கார்ந்திருந்தது, திறக்காத நீலப் பெயின்ற் வாளியின் மேல்.