தேவானந்தத்தின் ஐந்து பட்டன் போன்

தேவானந்தத்துக்கு ஆட்களை நேரில் பார்த்துப் பேச வராது. எதிரில் யாராவது வந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதே ஆள் போனில் வந்தால் வாய் மூடாது. தாம்பரத்தில் அவனோடு வேலை பார்த்த டெலிபோன் மெக்கானிக்குகள், "இவன் டெலிபோனுக்கென்றே பிறந்தவன்" என்று கேலி செய்வார்கள்.

எழுபத்திரண்டில் குரோம்பேட்டையிலிருந்த ஒரு பெயிண்ட் கம்பெனியில் ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள். மேனேஜர் பட்டாபிராமன் ஏலத்தில் ஒரு பழைய போனை எடுத்திருந்தார். கறுப்பாய், கனமாய், வரிசையாக ஐந்து பட்டன் வைத்தது. வெளியிலிருந்து வரும் அழைப்பை மேனேஜர் அறைக்கோ கணக்குப் பிரிவுக்கோ குடோனுக்கோ மாற்றிக் கொடுக்கலாம். முன்வாசல் மேஜையில் ஜெயசீலி அதைக் கவனித்துக்கொண்டாள். ஆனால் எந்தப் பட்டனை அழுத்தினாலும், எல்லார் பேச்சும் எல்லா இடத்திலும் கேட்டது.

"பேஜாரா கீது சார்," என்றான் குடோன் சேட்டு. "குன்றத்தூர் பார்ட்டி பச்சை பெயிண்ட் சொல்லிக்கினு இருந்தாரு. நடுவுல மேனேஜர் வூட்டம்மா முருங்கக்காய் வாங்கியாரச் சொன்னாங்க. ரெண்டையும் சேத்து ஆர்டர் எழுதிட்டேன்."

தேவானந்தம் மூடியைக் கழற்றினான். உள்ளே, போனைச் செய்த கம்பெனி போட்ட ஒயர்களுக்கு நடுவில் யாரோ புதிதாக ஒயர் இழுத்துப் பற்றவைத்திருந்தார்கள். போனை முன்பு வைத்திருந்த முதலாளிக்கு ஆபீஸில் யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்க ஆசை இருந்திருக்க வேண்டும். போட்டதெல்லாம் ஒரே சிவப்பு நிறம். எது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவன் திணறுவதைப் பார்த்த ஜெயசீலி, தன் பையிலிருந்து எம்பிராய்டரி நூல்கண்டுகளை எடுத்து வைத்தாள். அவன் கண்டுபிடித்த ஒயர்களில் அடையாளத்துக்கு மஞ்சளும் நீலமும் ஊதாவுமாக நூலை முடிந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தவன் இருமிவிட்டுக் குனிந்துகொண்டான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

கடைசி ஒட்டுக்கேட்பு ஒயரையும் அறுத்தாயிற்று என்று நினைத்து, சோதித்துப் பார்க்கக் குடோனுக்குப் போனான். அங்கிருந்த ரிசீவரை எடுத்தான்.

"ஹலோ, கேக்குதா?"

"நல்லா கேக்குது சார்," என்றாள் ஜெயசீலி.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "அந்த நூலுக்கு நான் தேங்க்ஸே சொல்லலை. நீங்க இல்லேன்னா நான் இன்னும் மல்லாடிக்கிட்டு இருப்பேன். இன்னொண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. என்னைக் கட்டிக்கச் சம்மதமா?"

மறுமுனையில் கேட்டது மேனேஜர் பட்டாபிராமனின் குரல்.

"மிஸ் ஜெயசீலி, சீக்கிரம் பதில் சொல்லிட்டு லைனை விடுங்க. நான் கூடுவாஞ்சேரிக்குப் பேசணும்."

போனின் அடித்தட்டுக்குக் கீழே இன்னொரு இணைப்பு ஒளிந்திருந்தது! கணக்குப் பிரிவிலிருந்து சிரிப்பு வெடித்தது. தேவானந்தத்துக்கு அப்படியே பெயிண்ட் டின்னுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. ஜெயசீலியும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பூசை முடிஞ்சு எங்க அப்பாவை வந்து பாருங்க. ஆனா எங்க வீட்ல போன் கிடையாது. நேர்லதான் பேசணும்."

அன்று சாயங்காலமே அந்த இணைப்பையும் காது சிவக்கச் சிவக்க எடுத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் அவள் அப்பா லாசரஸ் வாத்தியார் முன்னால் உட்கார்ந்தான். காபி ஆறியது. "சார்... நான்..." என்பதற்குமேல் வரவில்லை. கதவோரம் நின்ற ஜெயசீலி அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க தம்பி."

அந்த முதுகைப் பார்த்துத் தேவானந்தம் தன் சம்பளத்திலிருந்து சர்ச்சில் பாடும் பாட்டுவரை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். வாத்தியார் திரும்பியபோது அவர் தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தன.

"போதும் தம்பி. பொண்ணைக் குடுத்துடறேன், கொஞ்சம் மூச்சு விடுங்க."

அடுத்த மே மாதம் கல்யாணம். சேட்டு பெயிண்ட் கம்பெனி வேனில் வாழைமரம் ஏற்றிவந்து கட்டினான். ஜெபத்துக்கும் மாலை மாற்றுவதற்கும் நடுவில் பாதிரியார் சம்மதம் கேட்டபோது, தேவானந்தம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கோயிலே அதிரும்படி பதில் சொன்னான்.