இரண்டு பட்டியலில் ஓர் ஆள்

திருவொற்றியூரில் 'ரெண்டு நிமிசம்' என்பது இரண்டு நிமிடம் அல்ல. இன்று காலை தேநீர்க் கடைப் பெண்மணி சொன்ன ரெண்டு நிமிசம் பதினொன்றாக இருந்தது, நேற்று ஏழு. இலங்கையின் ஹட்டனிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலேறி வந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அங்கே இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன் நைனா என்கிறார்கள். அதற்குக்கூடப் பழகிவிட்டேன். 'ஒரு பத்து பேர் வந்தாங்க' என்று சொல்லிவிட்டு எட்டுப் பேரைக் காட்டுகிறார்களே, அதற்குத்தான் இன்னும் பழகவில்லை.

துறைமுகச் சரக்குக் கிடங்கு ஒன்றில் மூட்டை எண்ணுவது என் வேலை. கன்டெய்னருக்குள் எத்தனை மூட்டை ஏறுகிறது என்று எண்ணிக் கையெழுத்திட வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு மூட்டை பிசகியதில்லை. ஹட்டனில் தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணும்போது, கங்காணி எண்ணி முடிப்பதற்குள் நான் தொகையைச் சொல்லிவிடுவேன். அதற்கு அடி வாங்கியிருக்கிறேன். இங்கே அதற்குச் சம்பளம் தருகிறார்கள். இந்த நாட்டைப் பற்றி உங்களுக்கு நல்லதாகச் சொல்ல இது ஒன்று இருக்கிறது.

சென்ற மாதம் மகள் என்னை ஒரு மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "பேசும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்ப்பீர்களா?" என்று அவர் கேட்டார். "எந்தக் கண்ணை?" என்றேன். ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். பொறுப்பான ஊழியனாக அந்தக் காகிதத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். அதுதான் நான் செய்த பிழை.

முதலில் விசாரித்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அந்தோணி, ராயபுரத்துக்காரர்.

"இன்னா நைனா, ஆட்டிசமாமே? எத்தினி நாளா கீது?"

"அறுபத்தாறு வருடமாக."

"அப்ப உனுக்குப் பழ்சு. டாக்டருக்குத்தான் புச்சு."

ஊழியர் நலன் பார்க்கும் மேடம் நல்லவர், சிக்கலே அதுதான். "சத்தம் உங்களுக்கு ஆகாது சார். இனிமே ஏசி ரூம்ல ஃப்ரீயா உக்காருங்க" என்றார். எண்ண ஒன்றுமில்லாத அறை. ஏசியின் உறுமலுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதை எங்கிருந்து எண்ணுவது? மூட்டை ஏற்றும் யார்டில் அந்தோணி என் முதுகுப் பக்கம் வரும்போது இரண்டு முறை ஹாரன் அடிப்பார். கருணையால் அல்ல. ஒருமுறை நான் திடுக்கிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியதில் அவருடைய மதியச் சாப்பாடு மாலைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து இரண்டு ஹாரன்.

நான்காம் நாள் அந்தோணி ஏசி அறைக் கதவைத் திறந்தார். "நைனா, ஒர்த்தன் அறுநூத்திப் பத்துன்றான், ஒர்த்தன் பன்னெண்டுன்றான். லாரி நின்னுகினு கீது. ஒரே பேஜாரு. வா!"

ஓய்வெடுக்க உத்தரவு இருப்பதால் மேடத்திடம் போனேன். "மூட்டை எண்ண விடாவிட்டால் நாளை முதல் வரமாட்டேன்" என்றேன். இந்த வயதில் வேறு யாரும் வேலை தரமாட்டார்கள் என்பது தெரிந்தேதான் சொன்னேன்.

"ஏசி ரூம் குடுத்துட்டோம்னு ஹெட் ஆபீஸுக்கு எழுதிட்டேனே சார்!"

முடிவில் நான் யார்டுக்குத் திரும்பினேன், என் பெயர் அலுவலகப் பட்டியலிலேயே தங்கியது. யார்டுப் பட்டியலிலிருந்தும் அதை யாரும் அடிக்கவில்லை.

நேற்று தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் எல்லோரும் வெளியே வந்து இரண்டு வரிசையாக நிற்க வேண்டும். தலை எண்ணுவது நான். பட்டியல்படி யார்டில் முப்பத்தெட்டு, அலுவலகத்தில் பத்து, ஆக நாற்பத்தெட்டு. என்னையும் சேர்த்து நின்றவர்கள் நாற்பத்தேழு. வெயிலில் மூன்று முறை எண்ணினேன்.

"யாரு நைனா மிஸ்ஸிங்கு?" என்றார் அந்தோணி.

"நான்தான்."

"நீ இங்கதான கீற!"

"இங்கே இருக்கிறேன். அலுவலக வரிசையில் இல்லை."

அந்தோணி தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்ப அங்கயும் போய் நின்னுட்டு வா நைனா. வூட்டுக்குப் போணும்!"

நியாயமாகப் பட்டது. யார்டு வரிசையில் நின்று என்னை எண்ணிக்கொண்டேன். பிறகு நடந்துபோய் அலுவலக வரிசையில் நின்று எண்ணிக்கொண்டேன். நாற்பத்தெட்டு. கையெழுத்திட்டேன். இரண்டு வரிசைக்கும் நடுவே பதினாறு அடி. அதைக் கடந்தபோது நான் எந்தக் கணக்கிலும் இல்லை.