கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் திராட்சைத் தோட்டம் எழுபது சென்ட். கூட்டுப் பட்டாவிலிருந்து அதை எங்கள் பெயருக்குப் பிரித்துத் தரக் கேட்டிருந்தோம். பங்காளிகள் எட்டுப் பேரும் கையெழுத்துப் போடாமல் மோட்டாருக்குக் கரண்டுகூட வாங்க முடியாத நிலை. பத்திர நகலை நாங்கள் வைக்காததால் மனு தள்ளுபடியானது. உத்தரவு கைக்கு வந்து முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

அந்த உத்தரவு வந்த பதிவுத் தபால் கவரை ஒரு வெள்ளிக்கிழமை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அன்றைய நாளையும் சேர்த்து என் கணவர் காலண்டர் தாள்களை எண்ணி, ஒரு சனிக்கிழமைத் தாளின் மூலையை மடித்து வைத்தார். நகலுக்கு அலைந்து எல்லாம் தயாரானபோது வியாழக்கிழமை வந்துவிட்டது. அன்று அஷ்டமி, மறுநாள் நவமி.

"நவமியில மனுக் குடுத்தா வெளங்குமா? சனிக்கிழமை தசமி. மொத ஆளாப் போயிருவோம்" என்றார் அவர்.

உத்தமபாளையத்துக்குப் போனோம். கோட்டாட்சியர் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. தோட்டத்துக்கு ஏது சனி, ஞாயிறு? அரசாங்கத்துக்கு உண்டு என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவரை நான் திட்டாத திட்டில்லை. மனுஷர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை நான் மட்டும் போனேன். தபால் பிரிவில் ஓர் இளம்பெண் இருந்தார்.

"ரெண்டு நாள் பிந்திருச்சு மேடம், எப்பிடியாச்சும் வாங்கிக்கங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் கவரைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். பிறகு விரல்களை மடக்கினார்.

"வெள்ளிக்கிழமை வாங்கியிருக்கீக. வாங்குன நாளச் சேக்கக் கூடாதுக்கா, மறுநாள்தான் ஒண்ணு. அப்பிடிப் பாத்தா முப்பதாவது நாளு நேத்து, ஞாயித்துக்கெழம. கடைசி நாள் லீவுன்னா அடுத்த வேலை நாள்ல குடுக்கலாம். நீங்க பிந்தவே இல்ல. யாரு எண்ணுனாக?"

"நாந்தான்" என்றேன். வீட்டுக்காரரை வெளியில் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

மனுவை வாங்கி முத்திரை குத்தி, அதன் நகலைக் கையில் கொடுத்தார். நிமிர்ந்து பார்க்காமலே 'டைம் முடிஞ்சிருச்சு' என்று அவர் சொல்லியிருந்தால், நானும் நம்பித் திரும்பியிருப்பேன். ஐந்து நிமிஷம் எனக்காக உட்கார்ந்து எண்ணினாரே, அந்த நன்றிக்கடன் இந்த ஜென்மத்துக்கும் தீராது.

பட்டா வந்ததும் பன்னீர் திராட்சை ஒரு கூடை எடுத்துக்கொண்டு போனேன். அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். முன்பு இங்கே இருந்த மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"மூணு பேரு மாறிட்டாகம்மா. அவுக பேரு என்ன?"

கூடையோடு நின்றேன். அழுத அழுகையில் நான் பெயரைக் கேட்டிருக்கவில்லை.