அம்பாள் வாங்கிண்ட தோடு

மூணு வருஷம் முன்னாடி மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுகிட்ட ஆட்டோ கவுந்து என் மூக்கு உடைஞ்சுது. தையல் போட்டா. தழும்பு நின்னுடுத்து, மூக்கும் கோணிடுத்து. ஒரு பக்கம் மூச்சே கிடையாது. பாட்டு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கறவ நான். பல்லவி நடுவுல மூச்சு நின்னா, குழந்தைகள் முன்னாடி மூஞ்சியை எங்கே வெச்சுக்கறது? தினம் அழுதேன்.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். பால் பாக்கெட்ல தேதியை ரெண்டு தரம் பார்ப்பேன். தி.நகர்ல ஒரு டாக்டர் தழும்பைத் தொடக்கூட இல்லை, "அடுத்த வாரமே பண்ணிடலாம்"னார். எழுந்து வந்துட்டேன்.

ஆழ்வார்பேட்டை டாக்டரம்மா தழும்பை அழுத்தி அழுத்திப் பார்த்தா. அந்தத் தோலுக்கு ரத்த ஓட்டம் கம்மி, வெளியில கீறாம உள்ளேர்ந்தே பண்ணணும், காதுலேர்ந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து வெக்கணும்னா. மூக்குக்கு எதுக்குக் காது? எனக்கு அங்கேயே சந்தேகம். "வேற எங்கயாவது தழும்பு இருக்கா?"ன்னு கேட்டா. இல்லைன்னேன். காதைப் பார்க்க வந்தப்போ, தலையில பூ கலைஞ்சுடும்னு சாக்கு சொல்லித் திருப்பிண்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கற்பகாம்பாள் சன்னதியில நின்னேன். "இவாளை நம்பலாமா? நீதான் காட்டணும்"னு கேட்டுண்டேன். காது மேல் மடல்ல போட்டிருந்த ரெண்டு தோட்டையும் கழட்டி உண்டியல்ல போட்டேன்.

மறுநாள் தியேட்டர் வாசல்ல டாக்டரம்மா என் காதைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டா. தோடு மறைச்சிண்டிருந்த இடத்துல புளியங்கொட்டை அளவு தடிப்பு.

"இது என்ன மாமி?"

"காது குத்தினது. இதெல்லாமா தழும்பு?"

"குத்தினதுக்கே இப்படி வளர்ந்திருக்கு. நான் கத்தி வெச்சா இன்னும் பெருசா வளரும். இன்னிக்கு வேண்டாம்."

டாக்டரம்மாவுக்குக் கைவரலை, அதான் சாக்கு சொல்றான்னு நினைச்சேன். ஆனா அவா மறுபடி ஸ்கேன் எடுத்து, மூக்கு நடுத்தண்டுலயே போதுமான குருத்தெலும்பு இருக்குன்னு பார்த்து, ரெண்டு மாசம் கழிச்சுப் பண்ணினா. புதுத் தழும்பு ஒண்ணு கூட இல்லை. இப்போ ரெண்டு பக்கமும் மூச்சு வரது. பல்லவி முழுசாப் பாடறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு கஷ்டம் வந்தா அம்பாள்கிட்ட கேளுங்கோ. கேட்டுட்டு, டாக்டர்கிட்ட எதையும் ஒளிக்காதேங்கோ. பால் பாக்கெட்ல தேதி பார்க்கறதை நான் இன்னும் விடலை. ஆனா அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேனே, அதுல பொய் சொன்னவ நான் ஒருத்திதான். என் வாய் திறக்காதுன்னு தெரிஞ்சுதான் அம்பாள் தோட்டை வாங்கிண்டா.