தொட்டிக்கு உயிர் திரும்பிய நாட்கள்

காலையில் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக் கடல் தாண்டி, பிறை என்ற ஊரில் இருக்கும் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன். தோல் என் பொறுப்பில் இல்லை. தோலைக் கழுவிய தண்ணீர்தான் என் பொறுப்பு. குரோமியம் கலந்த தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்துவிடுவோம். உப்பும் கொழுப்புமாக மிச்சம் வருவது காற்றூட்டும் தொட்டிக்குப் போகும். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். அவற்றைச் சாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, தொட்டியில் ஆக்சிஜன் அளவு என்றுமில்லாத அளவுக்கு ஏறியிருந்தது. தெரியாதவர்கள் நல்லது என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அது ஆபத்தின் அறிகுறி. உள்ளே சுவாசிக்க ஆளில்லாதபோதுதான் காற்று அப்படி மிஞ்சும். ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். காம்பில் கட்டிய மணிபோல எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் உயிர்கள் சுருங்கி, அசையாமல் கிடந்தன.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். சனிக்கிழமை அக்கா மகளின் காதுகுத்துக்குப் பாலிக் புலாவ் ஊருக்குப் போயிருந்தேன். கிளம்பும் அவசரத்தில் குரோமியக் குழாயின் வால்வைச் சரியாக மூடவில்லையோ? சோதித்துப் பார்த்தால் தண்ணீரில் குரோமியம் இல்லை. அப்படியும் மனம் கேட்கவில்லை. இரண்டு நாள் ஒவ்வொரு வால்வாகக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், தோலை ஊறவைக்கும் பகுதியின் சூப்பர்வைசர் அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். எங்களுக்குள் அவ்வளவாக ஒத்துப்போகாது. என் தொட்டியால் தன் வேலை தாமதமாகிறது என்று எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொள்வார்.

"தங்கச்சி, அதெல்லாம் கழட்டாதே. நான்தான் செஞ்சேன்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"பழைய பூஞ்சை மருந்து ஒரு தோங் நெறைய கெடந்துச்சு, எக்ஸ்பயர் ஆனது. சனிக்கிழமை லோங்காங்ல ஊத்திட்டேன். தண்ணியோட தண்ணியா போயிடும்னு நெனச்சேன் லா."

அந்த வடிகால் நேராக என் தொட்டிக்குத்தான் வருகிறது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டேன். கூடவே, தவறு என்னுடையதில்லை என்று நெஞ்சு லேசானதையும் மறைக்க விரும்பவில்லை.

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. நானே சொல்றேன். நீ கூட வந்து நில்லு, போதும்."

மேனேஜர் ஒரு சீனப் பெண்மணி. அண்ணன் மலாய் மொழியில் ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரமாவது ஆகும், அதுவரை ஏற்கெனவே ஊறிக்கொண்டிருக்கும் தோலை முடித்துக்கொள்ளலாம், புதிதாக எதையும் ஊறப்போட வேண்டாம், வரும் தண்ணீரைச் சேமிப்புத் தொட்டியில் நிறுத்திவைக்கலாம் என்றேன். சரி என்றார்.

மருந்து கலந்த தண்ணீரைத் தனியே அகற்றிவிட்டு, பத்து காவான் என்ற ஊரில் உள்ள ஒரு மீ நூடுல்ஸ் தொழிற்சாலையிலிருந்து, அவர்களுடைய தொட்டியின் உயிருள்ள சேற்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினோம். மாவுத் தண்ணீரில் வளர்ந்த உயிர்கள் அவை. எங்கள் உப்பை ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவுநீரைக் கூட்டினோம். அண்ணன் தன் வேலை முடிந்ததும் வந்து வால்வைத் தானே திறப்பார். நான் கையைக் காட்டியதும் மூடுவார். முதல் வாரம் வெள்ளை நுரை அடங்கவே இல்லை. தோற்றுவிட்டோம் என்றுகூட நினைத்தேன். அடுத்த வாரம் நுரை தணிந்தது. சேறு பழுப்பாகி, மழை பெய்த மண்ணின் வாசம் வந்தது.

அண்ணனை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"ஆடுது லா! இதுங்களா இவ்வளவு வேலை செய்யுது?"

"இதுங்கதாண்ணே."

"வேற வேல இல்லாம நீ காத்து ஊதிக்கிட்டு இருக்கேன்னுதான் இத்தனை நாளா நெனச்சேன்."

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். முறையிடாமல் கையெழுத்துப் போட்டார். இப்போது புதிய மருந்து எது வந்தாலும், மூடியைத் திறக்குமுன் எனக்குப் போன் வருகிறது. "தங்கச்சி, ஒரு பேரு வாசிக்கிறேன். ஒன்னோட ஆளுங்களுக்கு ஒத்துக்குமான்னு பாத்துச் சொல்லு." வாசிப்பதில் பாதி எழுத்துகள் தப்பாக இருக்கும். நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.