ஏசுவுக்கும் ஒரு மூக்கு

பெரிய வெள்ளிக்கு ஒன்பது நாள் இருந்தது. கோயில் கூடத்தில் ஏசு பட்ட பாடுகளைக் காட்டும் நாடகத்துக்கு ஒத்திகை. வெளியே காப்பிப் பூ வாசனை, உள்ளே கோந்து வாசனை. மேசைமேல் காகிதக் கூழில் செய்த மூக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. கிளி அலகாக வளைந்த மூக்குகள். "சிலுவையில் அறையும்" என்று கத்தும் யூதக் கூட்டத்துக்கு. அந்தக் கூட்டத்தில் என் பத்து வயது மகளும் ஒருத்தி. நாடகத்துக்கு அவள் பெயரைக் கொடுத்தது நான்.

என் மனைவி மும்பைப் பக்கத்து யூதக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்து பதினான்கு வருடம். எங்கள் பேச்சு அவள் நாக்கில் ஊறிவிட்டது. ஊரில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் நான்தான். ஆண்டவரைக் கொன்ற ஜனம் என்று யாராவது பேசும்போது அவள் தன் நகங்களைப் பார்ப்பாள். நான் கூரையைப் பார்ப்பேன்.

நாடகத்தை நடத்துபவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவர் ஒரு மூக்கை எடுத்து மகளுக்கு மாட்டி, எலாஸ்டிக்கைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டார்.

"இப்பத்தான் கண்ணு, நெசமான யூதன் மாதிரி இருக்கறே."

கூடம் சிரித்தது. மகள் அம்மாவைத் தேடினாள். மனைவி எழுந்தாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, மூக்கு பத்தாதுங்களே."

எண்ணித்தான் செய்தது என்றார் அவர்.

"ஏசுவுக்கு ஒண்ணு, அவங்கம்மாவுக்கு ஒண்ணு, சீடருங்களுக்குப் பன்னெண்டு. அவங்களும் யூதருங்கதானுங்களே? எங்க சனத்துல பாதிப் பேரை விட்டுட்டீங்க."

ஏசுவாக நடிக்கும் ஜீப் டிரைவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக் களுக்கென்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க யூதருங்களா?" என்றார் ரைட்டர்.

"பொறந்ததுல இருந்துங்க. மூக்கு சின்னதாப் போச்சு, அதான் உங்களுக்குத் தெரியலை."

எல்லோரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். அத்தனை முகங்கள், எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். அவள் எப்பவும் இப்படித்தான் விளையாட்டாகப் பேசுவாள் என்றேன். ரைட்டர் மூச்சுவிட்டார். ஒத்திகை தொடர்ந்தது. மகள் மூக்கோடு மேடையேறினாள், வாயை அசைத்தாள், சத்தம் வரவில்லை.

ஏரிச் சாலையில் நடந்து திரும்பினோம். மகள் முன்னால். யாரும் பேசாமல் நடப்பது தாங்காமல் மூக்கைப் பற்றி நானும் ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். மனைவி நின்றாள்.

"எனக்கு அங்க கையில வேற ஒண்ணும் இல்லீங்க, அதான் ஜோக் சொன்னேன். கால் நடுங்குனது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னேன். உங்களுக்கு எதுக்குங்க ஜோக்கு? அந்தக் கோயில்ல ஞானஸ்நானம் வாங்குனவரு நீங்க. நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்துவிட்டாள். நான் அங்கேயே நின்று ரைட்டருக்குப் போன் போட்டேன். மகள் அந்த மூக்கைப் போடமாட்டாள், எந்தப் பிள்ளைக்கும் அதைப் போடக் கூடாது, மனைவி சொன்னது அத்தனையும் நிஜம் என்றேன். அந்தப் பக்கம் அவர் மெல்லச் சிரிப்பது கேட்டது.

"என்னுங்க தம்பி, நீங்களும் வெளையாடறீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.